தபால் பெட்டியில் அப்பாவின் பெயர்

அக்டோபர் 1, புதன்

பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு முறை வண்டி மாறி, மலைகளைக் குடைந்து போட்ட சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து வெளிவந்த விரைவு ரயிலில் கோட்டிங்கன் வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி ஆகியிருந்தது. வெளியே எதையாவது பார்க்கலாம் என்று நிமிரும்போதெல்லாம் ஒரு சுரங்கம் வந்து இருட்டாக்கியது; ஆகவே ஜெர்மனியில் நான் நன்றாகப் பார்த்த முதல் காட்சி, சன்னல் கண்ணாடியில் தெரிந்த, தூக்கம் கெட்ட என் முகம்தான்.

கணிதத்தில் முதுகலைப் பட்டம் படிப்பதற்காக வந்திருக்கிறேன். ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான மக்கள் வாழும் சிறிய நகரம் இது. பல்கலைக்கழகம் 1737 இல் முறையாகத் திறக்கப்பட்டது; ஹானோவரின் ஆட்சியாளராகவும் பிரிட்டனின் அரசராகவும் ஒரே நேரத்தில் இருந்த இரண்டாம் ஜார்ஜின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

வீட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது. உள்ளே நுழைவதற்குத்தான் நேரம் பிடித்தது. தெருக்கதவின் பக்கத்தில் எட்டுப் பொத்தான்கள் கொண்ட அழைப்புமணிப் பலகை இருக்கிறது. எந்தப் பொத்தானுக்கும் கதவு எண்ணோ மாடி எண்ணோ கிடையாது, பெயர்கள் மட்டுமே உண்டு. வீட்டு உரிமையாளர் அனுப்பியிருந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்து, அதில் குறிப்பிட்டிருந்த நான்கு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்த பொத்தானை அழுத்தினேன். நான்காவது பெயர், எனக்கு முன் என் அறையில் குடியிருந்த பெண்ணுடையது. அவர் ஸ்பெயினுக்குப் போய் ஒரு மாதமாகிறதாம். இரண்டு பெட்டிகளையும் மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் சென்றபோது, கதவைத் திறந்துவிட்ட வனவியல் மாணவி, பெயரை விரைவில் மாற்றிவிடலாம் என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கோர் அறையும் பொதுவில் ஒரு சமையலறையும் குளியலறையுமாக வாழும் இந்த ஏற்பாட்டுக்கு 'வேகே' என்று பெயர். நீண்ட ஜெர்மன் சொல் ஒன்றின் இரண்டெழுத்துச் சுருக்கம் அது. இங்கே என்னோடு இருப்பவர்கள் மூவர்: அந்த வனவியல் மாணவி, மருத்துவம் படிக்கும் இளைஞர் ஒருவர், வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஒருவர். கடைசியாகச் சொன்னவரை இன்று பார்க்கவில்லை. அவருடைய சைக்கிள் தலைக்கவசத்தை மட்டும் பார்த்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

கிழக்கும் மேற்கும் 1990 இல் ஒன்றிணைந்த நாள் என்பதால் இன்று நாடு முழுவதும் விடுமுறை. நேற்றே அரிசியும் ரொட்டியும் வாங்கியிருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தி என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அடைத்த கடைகளின் முன்னால் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, ரயில் நிலையத்துக்குள் இருந்த கடையில் ஒரு ரொட்டி வாங்கித் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளும் அரசு விடுமுறை நாட்களும் "வேலையிலிருந்து ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும்" உரியவை என 1919 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் வகுத்தது என்றும், அந்தப் பிரிவு இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே சேர்க்கப்பட்டுள்ளது என்றும் மருத்துவ மாணவர் இரவு விளக்கினார். உள்ளம் உயர்ந்ததா என்று தெரியாது, வயிறு என்னவோ ஒட்டிப்போயிருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

அடைத்த கடைகளைத் தேடி அலைவதற்குப் பதிலாக இந்த முறை ஊரைப் பார்க்கக் கிளம்பினேன். பழைய நகரைச் சுற்றியிருந்த மதிலின் மண்மேடு இன்று மரங்கள் அடர்ந்த நடைபாதையாகியிருக்கிறது. ஒரு சுற்று நடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கிறது. இலைகள் பழுத்து உதிரத் தொடங்கிவிட்டன. எதிரே வருபவர்கள் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் ஒரு சிறு தலையசைப்போடு கடந்துவிடுகிறார்கள். மேட்டையொட்டி ஒரு சிறு வட்டக் கோபுர வீடு நிற்கிறது. பிற்காலத்தில் ஜெர்மனியை ஒருங்கிணைத்த பிஸ்மார்க், 1833 இல் மாணவராக அதில் குடியிருந்திருக்கிறார். அவருடைய அடாவடிகளைப் பொறுக்க முடியாமல் ஊருக்குள் குடியிருக்கவே தடை விதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

மேட்டைவிட்டு இறங்கித் தெருக்களுக்குள் நடந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. வீட்டுச் சுவர்களில், சன்னல்களுக்கு இடையே, வெள்ளைப் பளிங்குப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். பலகையில் ஒரு பெயரும் அந்த மனிதர் அங்கே குடியிருந்த ஆண்டுகளும் இருக்கின்றன, பெரும்பாலும் அவ்வளவுதான். அவர் யார், என்ன சாதித்தார் என்ற விளக்கம் அநேகமாக இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள் போலும். 1874 இல் தொடங்கிய இந்த வழக்கத்தால் இன்று 300-க்கும் மேற்பட்ட பலகைகள் ஊரெங்கும் உள்ளன. 1766 இல் வந்து சில நாட்களே தங்கிச் சென்ற பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் ஒன்று உண்டு. கவுஸ், வேபர் என்ற பெயர்களைப் பார்த்தபோது கொஞ்சம் நின்றேன். கணிதரும் இயற்பியலருமான அவர்கள் இருவரும் 1833 இல் இந்த ஊரின் கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்து மின் தந்தி அனுப்பியவர்கள்.

வீடு திரும்பி மணிப்பலகையைப் பார்த்தேன். ஸ்பெயினுக்குப் போன பெண்ணின் பெயர் அங்கேயேதான் இருந்தது.

அக்டோபர் 8, புதன்

புதிய வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர நிர்வாகத்தில் முகவரியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். ஜெர்மன் குடிமக்களுக்கும் இதே விதிதான். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம், கடவுச்சீட்டு, நிரப்பிய விண்ணப்பம் ஆகியவற்றோடு, குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாகப் போய் அமர்ந்தேன். மதம் எது என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தேவாலயங்களுக்கான வரியை அரசே வசூலித்துக் கொடுப்பதால் அந்தக் கேள்வியாம். வருமானமே இல்லாதவன் அதற்குக் கலங்க வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் முதல் வரியிலேயே இருந்தது. 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? எனக்கு ஒரு பெயர் உண்டு. அதற்கு முன்னால் அப்பாவின் பெயரின் முதலெழுத்து உண்டு. கடவுச்சீட்டு வாங்கும்போது அந்த ஓரெழுத்தை விரித்து எழுதச் சொன்னதால், அப்பாவின் முழுப்பெயரும் குடும்பப் பெயருக்கான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இது குடும்பப் பெயரன்று, என் தந்தையின் சொந்தப் பெயர், அவருடைய தந்தைக்கு வேறு பெயர், எனக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளையோடு போவது என் பெயர்தான் என்று மேசைக்கு அப்பால் இருந்த அம்மையாரிடம் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியானால் உங்கள் வீட்டில் யாருக்கும் பொதுவான பெயரே இல்லையா என்றார். இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, நல்ல ஏற்பாடுதான், ஆனால் எங்கள் கணினிக்கு இது புரியாது என்று சொல்லி, கடவுச்சீட்டில் இருந்தபடியே தட்டச்சு செய்தார்.

பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. முத்திரையிட்ட தாளைக் கொடுக்கும்போது "ஹெர்" என்ற மரியாதைச் சொல்லோடு அப்பாவின் பெயரைச் சேர்த்து என்னை வாழ்த்தினார். 'வே' என்று தொடங்கும் அப்பாவின் பெயர் அவர் வாயில் 'ஃபே' என்று தொடங்கியது. எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போலத் தோன்றி, உண்மையிலேயே ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

பத்து நாட்களில் சமையலறையின் சட்டதிட்டங்கள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கொரு தட்டு. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஒட்டுத்தாளில் பெயர். சுவரில் வட்டமான ஓர் அட்டை. அதை வாரத்துக்கொரு முறை சுழற்றினால் குளியலறை, சமையலறை, கூடம், குப்பை என்ற நான்கு வேலைகளும் அடுத்தடுத்த பெயருக்கு நகரும். இந்த வாரம் குப்பை எனக்கு. காகிதத்துக்கு ஒன்று, பொட்டலங்களுக்கு ஒன்று, காய்கறித் தோலுக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று எனத் தொட்டிகள் நான்கு. கண்ணாடிப் புட்டிகளோ தெருமுனைக்குப் போக வேண்டும். அங்கே வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறவாரியாகப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, ஏனெனில் உடையும் ஓசை அக்கம்பக்கத்தாரின் ஓய்வைக் கெடுக்கும். இதற்கு மேலாக, கடைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டிய புட்டிகள் தனி. வாங்கும்போதே ஒரு முன்பணம் பிடித்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட், பீர் புட்டிக்கு 8 சென்ட். கடையில் இருக்கும் இயந்திரத்தின் வாயில் புட்டியைக் கொடுத்தால் அது உருட்டிப் பார்த்து விழுங்கிவிட்டு இரசீது தருகிறது. வேதியியலாளர் மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த புட்டிகளை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். 11 யூரோவுக்கு மேல் கிடைத்தது.

வேகேயில் எல்லோரும் எல்லோருக்கும் 'டூ', அதாவது 'நீ'. கீழ்த்தளத்தில் தனியாக வாழும் மூதாட்டிக்கு 'ஸீ', அதாவது 'நீங்கள்'. தமிழ் பேசுகிறவனுக்கு இது பழகிய பாதைதான் என்று நினைத்தேன். ஆனால் இங்கே 'நீங்க'ளிலிருந்து 'நீ'க்கு மாறுவதற்கு ஒரு சிறு சடங்கு இருக்கிறது: மூத்தவர்தான் முதலில் அழைப்பு விடுக்க வேண்டும். 'நீ' என்பது இங்கே உரிமையைக் காட்டுவதைவிட, கொடுத்துப் பெறவேண்டிய பொருளாக இருக்கிறது.

அந்த மூதாட்டியை நான் முதலில் அறிந்தது ஒரு தாளின் வழியாகத்தான். வியாழன் இரவு பத்தரை மணிக்குத் தெருக்கதவைச் சற்று ஓங்கிச் சாத்திவிட்டேன். மறுநாள் காலையில் படிக்கட்டருகே அழகிய கையெழுத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது: அன்பார்ந்த அண்டை வீட்டாரே, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம் என்பதை நினைவூட்டுகிறேன், இந்தக் கதவைக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி மெல்லச் சாத்த முடியும், நன்றி. வாயால் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்குமே, ஊருக்கே தண்டோரா போட வேண்டுமா என்று மனம் கசந்தது. வனவியல் மாணவி சிரித்தார். என் கதவைத் தட்டியிருந்தால், குற்றவாளி நான்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டதாக ஆகியிருக்கும். எல்லோருக்குமாக எழுதியதால் யார் பெயரும் கெடவில்லை என்பது அவர் வாதம். எனக்கு இது இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. கைப்பிடியை மட்டும் இப்போது அழுத்திப் பிடிக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

வங்கி அட்டையின் இரகசிய எண் வரவில்லை. விசாவுக்காக நான் கட்டிவைத்த பணம் முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் இருக்கிறது. அதிலிருந்து மாதம் 992 யூரோ இங்குள்ள கணக்குக்கு வரும். பணம் வந்துவிட்டது, அட்டையும் கிளையிலேயே கையில் கிடைத்துவிட்டது. எடுக்கத்தான் எண் இல்லை. அந்த எண்ணைத் தொலைபேசியில் சொல்லமாட்டார்கள், மின்னஞ்சலிலும் அனுப்பமாட்டார்கள், கடிதத்தில்தான் வரும். நேரில் போய்க் கேட்டபோது, கடிதம் அனுப்பினோம், இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது என்றார்கள்.

இருக்கிறேனே என்றேன். உங்கள் பெயர் தபால் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டார் அந்த ஊழியர்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. முகவரி என்றால் தெருவின் பெயரும் கட்டடத்தின் எண்ணும் மட்டுமே. கட்டடத்துக்குள் யார் எங்கே என்பதைத் தபால்காரர் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் அறிகிறார். வரி எண் கடிதத்தில் வரும். நூலகத்தின் நினைவூட்டல் கடிதத்தில் வரும். வானொலி, தொலைக்காட்சிக்காக ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும் என்ற அறிவிப்பும் கடிதத்தில்தான் வரும். (அது மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்து சேரும் என்கிறார் மருத்துவ மாணவர்.) இரண்டு வாரமாக இந்த ஊரில் உண்டு, உறங்கி, வரிசைகளில் நின்ற நான், தபால் பெட்டியைப் பொறுத்தவரை இல்லாத ஆள். நகர நிர்வாகத்தின் முத்திரை கையில் இருந்தும் பயனில்லை. பித்தளைப் பெட்டியின் மீது மூன்று விரல் நீளத்துக்கு ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும்.

மாலையில் வனவியல் மாணவி மிகவும் வருந்தி, தன் மறதிதான் என்று சொல்லி, உடனே அச்சடிக்க உட்கார்ந்தார். உரோமன் எழுத்தில் அப்பாவின் பெயரே அந்தத் துண்டுத் தாளின் அகலத்தை நிரப்பிவிட்டது. என் பெயருக்கு ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் வைக்க மட்டுமே இடம் இருந்தது. ஊரில் நான் அப்பாவுக்கு எந்த இடத்தைக் கொடுத்திருந்தேனோ அதே இடம் இங்கே எனக்குக் கிடைத்தது. கடல் கடந்தறியாத அப்பா கோட்டிங்கனில் குடியேறிவிட்டார். அவரோடு ஓரெழுத்தாக ஒட்டிக்கொண்டு நானும் வந்திருக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

வேதியியலாளர் இன்று முனைவரானார். வாய்மொழித் தேர்வு முடிந்து அவர் வெளியே வந்ததும், ஆய்வகத் தோழர்கள் அவர் தலையில் ஒரு தொப்பியை மாட்டினார்கள். கறுப்பு அட்டையால் ஆன அந்தச் சதுரத் தொப்பியின் மேல் ஒரு சோதனைக்குழாய், ஒரு சிறு சைக்கிள், அடுப்பில் பொங்கி வழியும் ஒரு குடுவை, அவர் ஆய்வில் மூன்றாண்டு தோற்றுப்போன ஒரு மூலக்கூறின் கம்பி உருவம் எல்லாம் ஒட்டப்பட்டிருந்தன. பிறகு பூவும் பலூனும் கட்டிய ஒரு கைவண்டியில் அவரை உட்கார வைத்துத் தெருவழியே இழுத்துப் போனோம். நானும் இழுத்தேன்; கல் பாவிய தெருவில் இழுப்பது இலேசான வேலையன்று.

பழைய நகரமன்றத்தின் முன்னால் 1901 இல் வைத்த நீரூற்று ஒன்று உண்டு. அதன் நடுவே வாத்துகளோடு நிற்கும் ஒரு சிறுபெண்ணின் வெண்கலச் சிலை. ஊரார் அவளை 'கென்ஸலீஸல்' என்கிறார்கள். முனைவர் பட்டம் பெறுகிற ஒவ்வொருவரும் நீரூற்றின் மேல் ஏறி, அவளுக்குப் பூங்கொத்து கொடுத்துக் கன்னத்தில் முத்தமிட வேண்டும். முன்பு புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லோருமே இப்படிச் செய்துகொண்டிருக்க, தொல்லை தாங்காமல் 1926 இல் நகரம் தடை போட்டது, முத்தம் நிற்கவில்லை. இப்போது நிற்பது நகல்தான், மூலச்சிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டு வாரமாக நான் இந்த மக்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: தாளில் பேசுபவர்கள், அளந்து சிரிப்பவர்கள், பகலில் ஓசை எழுப்பினாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்கள். இன்று நடுச்சந்தையில், முப்பது வயதைக் கடந்த, எப்போதும் வாய் திறக்காத ஒரு மனிதர் வழுக்கும் இரும்புக் கொடிகளைப் பிடித்து ஏறி ஒரு வாத்துக்காரியின் கன்னத்தில் முத்தமிட்டபோது, காய்கறி வாங்கிக்கொண்டிருந்த முதியவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். இறங்கும்போது அவருக்குக் கால் இடறி முழங்கால்வரை நனைந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தார், தண்ணீர் தெறித்துவிட்டது என்றார்.

இரவு, மாத இறுதியில் வேலைக்காக வேறு ஊருக்குப் போவதாகச் சொன்னார். இத்தனை நாளும் காலியாகவே கிடந்த குளிர்பதனப் பெட்டித் தட்டின் காரணம் புரிந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

விடியற்காலை மூன்று மணியை இரண்டு மணியாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். அக்டோபரின் கடைசி ஞாயிறுதோறும் இது நடக்கிறதாம். வீட்டுக்கும் எனக்கும் இடையே மூன்றரை மணி நேரமாக இருந்த தூரம் ஒரே இரவில் நாலரை ஆகிவிட்டது.

கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரத்தை நகர இடுகாட்டில் செலவிட்டேன். நோபல் பரிசு பெற்ற எட்டுப் பேர் இங்கே துயில்கிறார்கள். மாக்ஸ் பிளாங்கின் கல்லில் பெயர் மட்டும் இருக்கிறது; அடியில், கண்டுபிடிக்கக் குனிய வேண்டிய இடத்தில், அவர் கண்டறிந்த மாறிலியின் மதிப்பு செதுக்கப்பட்டிருக்கிறது. மாக்ஸ் போர்னின் கல்லில் குவாண்டம் இயக்கவியலின் ஒரு சமன்பாடு. கணிதர் ஹில்பர்ட்டின் கல்லில் அவருடைய சொற்கள்: நாம் அறிந்தாக வேண்டும், நாம் அறிந்தே தீருவோம். இவற்றை வகுப்பறைப் பலகையில் எத்தனையோ முறை எழுதியவன் நான். மழையில் பாசி பிடித்த கல்லில் பார்த்தபோது, எழுதியவர்கள் உடம்போடு வாழ்ந்தவர்கள் என்ற சாதாரணச் செய்தி முதல்முறையாக உறைத்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

பத்து மணி வகுப்புக்கு ஒன்பது ஐம்பதுக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பத்து அடித்தது, ஒருவரும் இல்லை. நேரந்தவறாமை பற்றிக் கேட்ட கதையெல்லாம் பொய்யா என்று நினைக்கும்போதே, பத்தேகால் மணிக்குச் சரியாக அரங்கு நிறைந்தது, பேராசிரியரும் வந்தார். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்ற இரண்டெழுத்து இருந்தால் கால்மணி நேரம் கழித்துத் தொடங்கும் என்று பொருளாம். இலத்தீனில் 'அவகாசத்துடன்' என்பதன் சுருக்கம். தாமதம்கூட இங்கே நேரந்தவறாமல்தான் வருகிறது. வகுப்பு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். நூறு பேர் தட்டிய அந்த ஓசை தகரக் கூரையில் மழை தொடங்குவது போல இருந்தது.

பிற்பகலில் பயிற்சி வகுப்பு. அதை நடத்தும் மூத்த மாணவி பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து அப்பாவின் பெயரைச் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். மறுபடியும் சொன்னார். மூன்றாவது முறைதான், அவர் என்னைத்தான் தேடுகிறார் என்று கை தூக்கினேன்.

1929 இல் கட்டிய இந்தக் கணித நிறுவனத்தின் தாழ்வாரத்தில், கண்ணாடி அலமாரிகளுக்குள் பழைய சுண்ண மாதிரிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வளைந்தும் நெளிந்தும் நிற்கும் பரப்புகள். அவற்றின் முன்னால் நின்றபோது கணிதர் எம்மி நோய்தரின் கதையைத்தான் நினைத்துக்கொண்டேன். 1915 இல் ஹில்பர்ட் அழைத்து இந்த ஊருக்கு வந்தவர். ஆயினும் பெண் என்பதால் விரிவுரை நடத்தும் தகுதியை அவருக்கு வழங்க மறுத்தார்கள். ஆகவே விரிவுரைகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன, நடத்தியவர் நோய்தர். சமச்சீர்மைக்கும் அழியாமை விதிகளுக்கும் உள்ள உறவைச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற தேற்றம் 1918 இல் வெளியானபோதும் நிலைமை அதுதான். 1919 இல்தான் தன் சொந்தப் பெயரில் கற்பிக்கும் உரிமை கிடைத்தது. 1933 இல் அவர் யூதர் என்பதற்காக அதையும் பறித்தார்கள். அமெரிக்காவுக்குப் போய் இரண்டே ஆண்டுகளில் இறந்துபோனார். பட்டியலில் யாரோ ஒருவரின் பெயர், கரும்பலகையின் முன்னால் வேறொருவர். என்னுடைய சங்கடத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு உரிமையில்லை என்பது தெரியும். ஆனாலும் அடுத்த முறை பட்டியலில் அப்பாவின் பெயர் வரும்போது உடனே கை தூக்கிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

நடைபாதைகளில் அங்கங்கே கல்லோடு கல்லாகப் பித்தளைச் சதுரங்கள் பதிந்திருப்பதை முன்பே கவனித்திருக்கிறேன்; ஏதோ நில அளவைக் குறி என்று நினைத்து மிதித்தும் இருக்கிறேன். இன்று காலை ரொட்டி வாங்கப் போகும் வழியில் (ஞாயிறன்று காலையில் ரொட்டிக்கடை மட்டும் சில மணி நேரம் திறந்திருக்கும் என்பதை ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன்), கீழ்த்தளத்து மூதாட்டி தெருமுனையில் ஒரு சிறு மெத்தையைப் போட்டு மண்டியிட்டிருப்பதைக் கண்டேன். விழுந்துவிட்டார் என்று பதறி ஓடினேன். அவர் துணியால் அந்தச் சதுரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டப்பாவில் வெள்ளைக் களிம்பு, ஒரு மெழுகுவர்த்தி.

'இடறும் கற்கள்' என்று இவற்றுக்குப் பெயர். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992 இல் தொடங்கிய பணி. 2023 இல் ஒரு லட்சமாவது கல் பதிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் சதுரம். நாஜிகளால் துரத்தப்பட்ட, கொல்லப்பட்ட மனிதர் தாமே விரும்பிக் கடைசியாகக் குடியிருந்த வீட்டின் வாசலில் வைக்கப்படுவது. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட இடம், முடிவு. 1938 நவம்பர் 9 இரவில் ஜெர்மனியெங்கும் யூதர்களின் வழிபாட்டிடங்களைக் கொளுத்தினார்கள். இந்த ஊரிலிருந்ததும் எரிந்தது. அதனால் இந்த நாளில் பலரும் தங்கள் தெருவிலிருக்கும் கற்களைத் துலக்குகிறார்கள்.

எனக்கும் ஒரு துணியைக் கொடுத்தார். கறுத்துப்போன பித்தளையை வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, முதலில் தேதிகளும் பிறகு பெயரும் எழுந்து வந்தன. பெயரைப் படிக்கத் தலை குனிய வேண்டியிருந்தது. மூன்று கற்களில் ஒரே குடும்பப் பெயர். மூன்றாவது கல்லில் பிறந்த ஆண்டுக்கும் இறந்த ஆண்டுக்கும் இடையே பதினொன்று. ஒரு குடும்பத்துக்கு ஒரே பெயர் என்ற ஏற்பாடு எதற்கு என்று நகர அலுவலகத்தில் நான் அலட்சியமாக நினைத்தது நினைவுக்கு வந்தது.

முழங்கால் வலிக்க எழுந்து நின்றபோது, மூதாட்டி தன் முதற்பெயரைச் சொல்லிக் கை நீட்டினார். இனி 'டூ' என்று சொல்லலாம் என்பது அதன் பொருள். என் பெயரைக் கேட்டார். பெட்டியில் இருப்பது என் பெயர் இல்லை என்று சொல்லி, என் பெயரைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்து, மூன்றாம் முறை சரியாக உச்சரித்தார். கதவை இப்போதெல்லாம் மிகவும் மெதுவாகச் சாத்துகிறாய் என்றும் சொன்னார். ஆக, அந்தத் தாளை எழுதும்போதே யாருக்கு எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது!

நவம்பர் 13, வியாழன்

தபால் பெட்டியைப் படம் எடுத்து நேற்று அப்பாவுக்கு அனுப்பினேன். நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். இரவு அழைத்தவர், "என்னப்பா, பேர்ல ஒரு ஹெச்ச விட்டுட்டாங்களே, பாக்கலையா?" என்றார். பார்க்கவில்லை. ஒரு மாதமாகத் தினமும் திறந்து மூடும் பெட்டி. வங்கிக் கடிதமும் பதினொரு இலக்க வரி எண்ணும் அந்தப் பிழையான பெயரின் அடியில்தான் வந்து விழுந்தன. "கையெழுத்துல நான் விட்டதே இல்ல" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டார்.

வனவியல் மாணவியும் நானும் இன்று புதிய தாளை அச்சடித்தோம். ஹெச்சைச் சேர்த்தால் அகலம் போதவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் தபால்காரருக்குப் படிக்க முடியாது. வேதியியலாளர் போன பிறகு பெட்டியிலும் மணிப்பலகையிலும் அவர் பெயர் இருந்த வரி காலியாகத்தான் இருக்கிறது. ஆகவே அப்பாவின் பெயரைத் தன் வரியில் முழுதாக விட்டு, கீழே காலியாக இருந்த வரியில் என் பெயரை, அதையும் முழுதாக, போட்டோம். மணிப்பலகையைப் பார்க்கிறவர்கள் இங்கே இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

டிசம்பர் முதல் தேதி அந்த அறைக்கு ஒருவர் ஜார்ஜியாவிலிருந்து வருகிறார். வந்ததும் அந்த வரியை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் பெயரில் எத்தனை எழுத்துகள் என்று இன்னும் தெரியவில்லை; வனவியல் மாணவி கேட்டு எழுதியிருக்கிறார்.